இசட் படை: ஒரு ஷாஃப்ட்டும் ஒரு மௌனமும்

‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் 1941 டிசம்பர் 10 அன்று மலாயாவின் கிழக்குக் கடலில் மூழ்கின. இதைப் பற்றிப் பேச்சு எழுந்தால் விஷயம் ஒரே வரியில் முடிந்துவிடும்: “விமானந்தாங்கிக் கப்பல் கூட வரவில்லை, அதனால் மூழ்கின.” அந்த வரி பொய்யில்லை. ஆனால் அது வீட்டில் திருடு போனதற்கு “காவலாளி இல்லை” என்று காரணம் சொல்வது போன்றது. கதவு எப்படித் திறந்தது, எந்தப் பூட்டு உடைந்தது, பக்கத்து வீட்டுக்காரரை ஏன் யாரும் கூப்பிடவில்லை என்பதெல்லாம் அதில் வராது. இந்தக் கதையில் உடைந்த பூட்டு ஒரு புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதாவது கப்பலைத் தள்ளும் விசிறியைச் சுழற்றும் நீண்ட எஃகுத் தண்டு. கூப்பிடாத குரல், கொடிக்கப்பலின், அதாவது படைத்தலைவர் இருந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின், வானொலி.

முதலில் இந்தப் படை ஏன் அங்கே போனது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1941 இலையுதிர் காலத்தில் ஜப்பானை மிரட்டி நிறுத்த ஒரு நவீனப் போர்க்கப்பலைச் சிங்கப்பூருக்கு அனுப்ப வேண்டும் என்று சர்ச்சில் பிடிவாதமாக இருந்தார். ஜெர்மனியின் ‘டிர்பிட்ஸ்’ என்ற ஒற்றைக் கப்பல் நார்வே பக்கம் இருந்தாலே பிரிட்டிஷ் கடற்படையின் பெரும்பகுதி அதைக் காவல் காத்துக் கிடக்கிறதே, அதே வேலையை நம் கப்பல் ஜப்பானுக்குச் செய்யட்டும் என்பது அவர் கணக்கு. கடற்படைத் தலைமையகம் வேறு மாதிரி யோசித்தது: பழைய, மெதுவான, ஆனால் எண்ணிக்கையில் அதிகமான கப்பல்களை இலங்கையை மையமாக வைத்து இந்தியப் பெருங்கடலில் நிறுத்தி, மெல்ல மெல்லப் பலத்தைக் கூட்டுவது. வென்றது சர்ச்சிலின் கணக்கு. ஆனால் மிரட்டுவதற்காக அனுப்பியது என்றால், மிரட்டல் பலிக்காமல் போர் வந்துவிட்ட மறுநாள் அந்தக் கப்பல் என்ன செய்ய வேண்டும்? அதற்கு யாரிடமும் பதில் இருக்கவில்லை.

பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் புதிய கப்பல். பத்து 14 அங்குலப் பீரங்கிகள், எட்டு இரட்டைக் கூண்டுகளில் பதினாறு 5.25 அங்குலப் பீரங்கிகள், அவற்றுக்குக் கீழே விமானங்களைச் சுடும் எட்டுக் குழல் ‘பாம்பாம்’ துப்பாக்கிகள். 1941 மே 24 அன்று ஜெர்மனியின் ‘பிஸ்மார்க்’ போர்க்கப்பலுடன் மோதியபோது கப்பல்தளத் தொழிலாளர்கள் இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தார்கள், அவ்வளவு பச்சையாகப் போருக்கு வந்த கப்பல். ஆகஸ்டில் சர்ச்சிலை ரூஸ்வெல்ட்டைச் சந்திக்க நியூஃபவுண்ட்லாந்துக்கு ஏற்றிச் சென்றது. செப்டம்பரில் மால்டாவுக்குச் சரக்குக் கப்பல்களைக் கொண்டுசேர்க்கும் பயணத்தில் டார்பிடோ (தண்ணீருக்குள் பாய்ந்து கப்பலில் மோதி வெடிக்கும் ஆயுதம்) போடும் இத்தாலிய விமானங்களைச் சமாளித்துத் திரும்பியது. இந்தக் கடைசி அனுபவம்தான் ஆபத்தான பாடம் ஆனது. “இதுதான் டார்பிடோ விமானத் தாக்குதல், இதை நம் பீரங்கிகள் பார்த்துக்கொள்ளும்” என்ற நம்பிக்கையை அது கொடுத்தது.

ரிபல்ஸ் 1916இல் படையில் சேர்ந்த போர்க்குரூசர். ஆறு 15 அங்குலப் பீரங்கிகள், நல்ல வேகம், மெல்லிய கவசம். விமான எதிர்ப்பு மட்டும் மிகவும் பலவீனம். கையால் திருப்ப வேண்டிய 4 அங்குலப் பீரங்கிகளை நம்பி இருந்தது. அதற்கு ஈடாக அதனிடம் இருந்தது கேப்டன் வில்லியம் டெனன்ட். அவரைப் பற்றிப் பிறகு.

‘இண்டாமிட்டபிள்’ என்ற விமானந்தாங்கி இவற்றோடு வந்திருக்க வேண்டியது என்றும், 1941 நவம்பர் 3 அன்று ஜமைக்காவின் கிங்ஸ்டன் துறைமுகம் அருகே தரைதட்டியதால் தவறிப்போனது என்றும் சொல்வார்கள். தரைதட்டியது உண்மை. ஆனால் அதையே எல்லாவற்றுக்கும் காரணமாக நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்போது புதிதாகப் பயிற்சியில் இருந்த கப்பல் அது. அதில் இருபது சொச்சம் போர் விமானங்கள்தான் இருந்தன. அவை வந்திருந்தால் நிலைமை மாறியிருக்கலாம். ஆனால் அதில் பாதியளவு உதவியாவது ஒரு மணி நேரப் பறப்புத் தூரத்தில் தரையிலேயே தயாராகக் காத்திருந்தது. அதைக் கூப்பிடாததுதான் கேள்வி.

பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அக்டோபர் 25 அன்று ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்று முகத்திலிருந்து கிளம்பி, ஃப்ரீடவுன், கேப் டவுன் வழியாக நவம்பர் 28 அன்று கொழும்பை அடைந்தது. ரிபல்ஸைச் சேர்த்துக்கொண்டு டிசம்பர் 2 அன்று சிங்கப்பூருக்குள் நுழைந்தது. வெப்ப மண்டலம் அதற்குள் தன் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது. ரேடார்கள் ஈரப்பதத்தில் படுத்துக்கொண்டன; கடல்பரப்பைப் பார்க்கும் ரேடாரைப் புறப்படும் முன் சரிசெய்ய முடியவே இல்லை. பாம்பாம் தோட்டாக்களின் நிலை இன்னும் மோசம். வெப்பத்தில் கெட்டுப்போன தோட்டாக்களில் குண்டு வேறு உறை வேறாகக் கழன்று, சுடும்போது இயங்குபகுதியில் சிக்கின. நிமிடத்துக்கு நூறு குண்டு துப்ப வேண்டிய குழல், சிக்கியதைப் பிடுங்கி எறியும் வரை வெறும் இரும்பு.

அட்மிரல் டாம் பிலிப்ஸ் படைத்தலைவர். குள்ளமானவர், கூர்மையான அறிவாளி, லண்டன் தலைமையகத்தில் துணைத் தலைவராக இருந்துவிட்டு நேராகக் கடலுக்கு வந்தவர். டிசம்பர் 8 அதிகாலை ஜப்பானியர்கள் மலாயாவின் கோத்தா பாருவிலும் தாய்லாந்தின் சிங்கோரா, பட்டாணியிலும் இறங்கினார்கள். சிங்கப்பூரில் குண்டு விழுந்தது. அன்று மாலை 5.35க்கு இரண்டு பெருங்கப்பல்களும், ‘எலெக்ட்ரா’, ‘எக்ஸ்பிரஸ்’, ‘டெனடோஸ்’, ஆஸ்திரேலியாவின் ‘வாம்பயர்’ ஆகிய நான்கு நாசகாரிகளும் வடக்கே கிளம்பின. இறங்கும் படைகளைச் சிங்கோராவில் அடிப்பதுதான் திட்டம். அந்த ஆறு கப்பல்களுக்கும் இசட் படை என்று பெயர்.

சிங்கோராவுக்கு மேலே போர் விமானப் பாதுகாப்பு கொடுக்க முடியாது என்ற செய்தி கப்பல் கடலுக்குப் போன பிறகு வந்தது. வடக்கு விமானத் தளங்கள் ஒரே நாளில் கைநழுவிக்கொண்டிருந்தன. மழையும் தாழ்ந்த மேகமும் மறைக்கும் என்று நம்பி பிலிப்ஸ் தொடர்ந்து போனார். இங்கேயும் அவரைக் குறை சொல்ல நான் தயாரில்லை. தரைப்படை கரையில் சாகும்போது கடற்படை துறைமுகத்தில் நங்கூரமிட்டுக் கிடக்க முடியாது.

டிசம்பர் 9 பிற்பகல் ஐ-65 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி படையைப் பார்த்துவிட்டது. பிலிப்ஸுக்கு அது தெரியாது. மாலையில் மேகம் விலகி, அடிவானத்தில் ஜப்பானிய விமானங்கள் தென்பட்டன. திடீர்த் தாக்குதல் என்ற சீட்டு கையைவிட்டுப் போயிற்று. எரிபொருள் குறைந்த டெனடோஸை முதலில் திருப்பி அனுப்பினார். இரவு 8.15க்கு மொத்தப் படையையும் சிங்கப்பூர் நோக்கித் திருப்பினார். அதற்குச் சற்று முன் ஒரு வேடிக்கை நடந்தது. ஜப்பானிய விமானம் ஒன்று இருட்டில் தங்கள் சொந்தக் கொடிக்கப்பல் ‘சோகாய்’ மேலேயே ஒளிக்குண்டை இறக்கிவிட்டது. அந்த வெளிச்சத்தைச் சுமார் ஐந்து மைல் தூரத்திலிருந்து பிரிட்டிஷ் கப்பல்களிலும் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் விலகிக்கொண்டன. ஒரு பீரங்கிப் போர் அவ்வளவு அருகில் வந்து நழுவிப் போனது.

டெனடோஸிடம் பிலிப்ஸ் ஒரு வேலை கொடுத்திருந்தார்: காலை 8 மணிக்கு, படையிலிருந்து வெகுதூரம் போன பிறகு, சிங்கப்பூருக்கு வானொலியில் திரும்பும் திட்டத்தைச் சொல். இந்த ஏற்பாட்டைக் கவனியுங்கள். வானொலி அலையை வைத்துத் திசை கண்டுபிடிப்பார்கள் என்பதால் பெரிய கப்பல் வாயைத் திறக்காது, சிறிய கப்பல் தள்ளிப் போய்ப் பேசும். மௌனத்தின் மதிப்பும் அதைச் சுற்றிப்போகும் வழியும் பிலிப்ஸுக்கு நன்றாகவே தெரிந்திருந்தன.

ஆனால் டெனடோஸ் பிரிந்து போன பிறகு திட்டம் மாறிவிட்டது. நள்ளிரவுக்குச் சற்று முன் சிங்கப்பூரிலிருந்து செய்தி: மலாயாவின் கிழக்குக் கரையிலுள்ள குவாந்தானில் எதிரி இறங்குவதாகத் தகவல். குவாந்தானில் விமானத் தளம் உண்டு. அங்கிருந்து மேற்குக் கரைக்குக் குறுக்கே சாலை உண்டு. அங்கே எதிரி கால் ஊன்றினால் வடக்கே உள்ள படைகள் முழுவதும் துண்டிக்கப்படும். வீடு திரும்பும் வழியிலேயே இருக்கும் இடமும்கூட. ஒரு மணிக்குள் பிலிப்ஸ் படையைக் குவாந்தான் பக்கம் திருப்பினார். சிங்கப்பூருக்குச் சொல்லவில்லை. தகவல் அனுப்பியவர் அட்மிரல் பாலிசர், பிலிப்ஸ் கரையில் விட்டுவந்த அவரது தலைமை அதிகாரி. “இப்படி ஒரு செய்தி கொடுத்தால் நான் அங்கே போவேன் என்று பாலிசர் ஊகிப்பார், விமானம் ஏற்பாடு செய்வார்” என்று பிலிப்ஸ் நினைத்திருக்க வேண்டும் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். பாலிசர் அப்படி ஊகிக்கவில்லை. பகலில் குவாந்தான் மேல் ஒரு போர் விமானம்கூட இல்லை.

குவாந்தானில் எதிரியும் இல்லை. கரையைக் காத்த இந்தியப் படைப்பிரிவு இருட்டில் படகுகளைக் கண்டு சுட்டதில் கிளம்பிய தகவல் அது. காலை 8 மணியளவில் எக்ஸ்பிரஸ் துறைமுகம் வரை போய்ப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பியது. அத்தோடு கிளம்பியிருக்கலாம். விடியலில் பார்த்த ஓர் இழுவைக் கப்பலையும் தோணிகளையும் சோதிக்க வேண்டும் என்று படை மறுபடி வடகிழக்கே போனது.

ஜப்பானியர்களின் 22வது விமானத் தொகுதி சைகோன் பக்கத் தளங்களில் இருந்தது. கென்சான், மிஹோரோ, கனோயா என்ற மூன்று குழுக்கள். மொத்தம் 85 தாக்குதல் விமானங்கள், அவற்றில் 51 டார்பிடோவோடும் 34 குண்டுகளோடும். துணைக்குப் போர் விமானம் ஒன்றுகூட இல்லை. சைகோனிலிருந்து குவாந்தான் 400 கடல் மைலுக்கு மேல். டார்பிடோ சுமந்த விமானம் அந்தத் தூரம் வரும் என்பது பிரிட்டிஷ் கணக்கிலேயே கிடையாது. அவர்கள் அறிந்த விமானங்கள் அதில் பாதி தூரம்தான் போகும். ஜப்பானின் இரட்டை எஞ்சின் விமானங்களோ இந்த ஒரு வேலைக்காகவே, கவசத்தையும் எண்ணெய்த் தொட்டிப் பாதுகாப்பையும் விட்டுக்கொடுத்து, நெடுந்தூரத்துக்காகக் கட்டப்பட்டவை. அதாவது, ஒரு போர் விமானம் எதிர்ப்பட்டாலே எளிதில் தீப்பிடிக்கும் விமானங்கள்.

அவையும் அன்று காலை தேடி அலைந்து தெற்கே அளவுக்கு மீறிப் போய்விட்டன. ஒன்பது விமானங்கள் டெனடோஸைப் பெருங்கப்பல் என்று எண்ணிக் குண்டு போட்டன, ஒன்றும் படவில்லை. டெனடோஸ் அதை வானொலியில் சொன்னது, பிலிப்ஸுக்கும் கேட்டது. 10.15க்கு ஒரு வேவு விமானம் இசட் படையைக் கண்டுபிடித்துவிட்டது. கப்பலில் இருந்தவர்களும் அதைப் பார்த்தார்கள். (புத்தகத்துக்குப் புத்தகம் நேரம் ஒன்றரை மணி நேரம் மாறுவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், ஜப்பானியர்கள் டோக்கியோ நேரத்தில் எழுதினார்கள். இங்கே எல்லாம் சிங்கப்பூர் நேரம்.)

இனி மௌனத்துக்கு ஒரு பைசா மதிப்பு கிடையாது. எதிரிக்கு இடம் தெரிந்துவிட்டது. இடம் தெரியாதது சொந்தத் தலைமையகத்துக்கு மட்டும்தான். சிங்கப்பூரின் செம்பவாங் தளத்தில் ஆஸ்திரேலியாவின் 453வது ஸ்குவாட்ரன், பிரூஸ்டர் பஃபலோ போர் விமானங்களோடு, இந்தக் கப்பல்களைக் காப்பதற்காகவே ஒதுக்கப்பட்டு உட்கார்ந்திருந்தது. குவாந்தான் பக்கம் வர ஒரு மணி நேரம் போதும். 10.15க்கு ஒரு வரி போயிருந்தால், 11.30க்குள் அவை தலைக்கு மேல் இருந்திருக்கும். முதல் டார்பிடோ பட்டது 11.44க்கு. பஃபலோ மட்டமான விமானம்தான், ஜப்பானின் ‘ஸீரோ’ போர் விமானங்களிடம் அடிவாங்கியதுதான். ஆனால் அன்று வானில் ஸீரோ இல்லை. நேர்கோட்டில், தாழ்வாக, மெதுவாக வந்து டார்பிடோ போட வேண்டிய விமானத்துக்குப் பக்கத்தில் ஒரு பஃபலோ வந்தாலே குறி கலையும்.

11.13க்கு எட்டு விமானங்கள் உயரத்திலிருந்து ரிபல்ஸைக் குண்டால் அடித்தன. ஒன்று பட்டது, பெரிய சேதமில்லை. அப்போதும் கொடிக்கப்பல் பேசவில்லை. 11.58க்கு, தலைவர் செய்தி அனுப்பவில்லை என்று அறிந்த டெனன்ட் தானே அனுப்பினார்: எதிரி விமானங்கள் தாக்குகின்றன. பதினொரு பஃபலோக்கள் அரை மணி நேரத்துக்குள் வானில் ஏறின. அவை வந்து சேர்ந்தபோது மணி 1.18. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கவிழ்ந்துகொண்டிருந்தது.

இப்போது 11.44க்குத் திரும்புவோம், ஷாஃப்ட்டுக்கு.

கப்பலுக்கு நான்கு புரொப்பெல்லர்கள், பக்கத்துக்கு இரண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி எஞ்சின் அறை. இடப்புற வெளி ஷாஃப்ட்டை ஓட்டுவது ‘பி’ எஞ்சின் அறை. அங்கிருந்து பின்பக்கம் வரை ஒரு நீண்ட சுரங்கம் போன்ற வழியில் ஷாஃப்ட் ஓடுகிறது. வழியில் பல தடுப்புச்சுவர்கள். ஒவ்வொரு சுவரையும் ஷாஃப்ட் கடக்கும் இடத்தில் தண்ணீர் புகாமல் பிடிக்கும் காப்பு வளையம் உண்டு. கப்பல்காரர்கள் கிளாண்ட் என்பார்கள். கப்பலுக்கு வெளியே வந்தபின் ஷாஃப்ட்டைத் தாங்கிப் பிடிப்பது ‘ஏ’ வடிவத் தாங்கி.

டார்பிடோ அந்தத் தாங்கியின் அருகில் வெடித்தது. வெடிமருந்து பெரிய அளவு இல்லை. அந்த முதல் அலை விமானங்களின் டார்பிடோ முனையில் இருந்தது சுமார் 150 கிலோ. கப்பலின் பக்கவாட்டில் பட்டிருந்தால் கவசமும் அதன் பின்னால் உள்ள அடுக்கறைகளும் தாங்கியிருக்கக்கூடும். பின்முனையில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. தாங்கி பிய்ந்தது. நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்றில் ஓடிக்கொண்டிருந்த பல டன் எஃகுத் தண்டு, ஒரு முனையில் பிடிமானம் இல்லாமல் ஆடத் தொடங்கியது. ஆடிய ஆட்டத்தில் ஒவ்வொரு சுவரிலும் இருந்த கிளாண்டை உடைத்துக்கொண்டே உள்ளே வந்தது. எஞ்சினை நிறுத்தினார்கள். அதிர்வு நின்றது. வேகம் வேண்டுமே என்று ஷாஃப்ட்டை மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். அப்போதுதான் ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் பாய்ந்து வந்தது. ‘பி’ எஞ்சின் அறையைக் கைவிட வேண்டியதாயிற்று. அந்த முடிவெடுத்த அதிகாரியைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு வெளியே தாங்கி போய்விட்டது என்று தெரிய வழியே இல்லை.

ஓட்டை வழியாக வரும் தண்ணீர் ஓர் அறையை நிரப்பும். இங்கே தண்ணீர் கப்பலின் பின்பாதிக்குள்ளேயே ஒரு குழாய் வழி போட்டுக்கொண்டு வந்தது. ‘ஒய்’ பாய்லர் அறை, துணை இயந்திர அறைகள், இடப்புற டீசல் டைனமோ அறை எல்லாம் போயின. சில நிமிடங்களில் சுமார் 2,400 டன் தண்ணீர் உள்ளே. கப்பல் இடப்புறம் 11.5 டிகிரி சாய்ந்தது. உள் ஷாஃப்ட்டும் நின்று, வேகம் வெகுவாகக் குறைந்தது.

கொன்றது சாய்வுகூட இல்லை, மின்சாரம். எட்டு டைனமோக்களில் ஐந்து போயின. பின்பக்க 5.25 அங்குலக் கூண்டுகளுக்கு மின்சாரம் இல்லை. சங்கிலி கட்டிக் கையால் இழுத்துத் திருப்பப் பார்த்தார்கள். சாய்ந்த கப்பலில் அவ்வளவு எடையை அசைக்க முடியவில்லை. மின்சாரம் இருந்த வலப்புறக் கூண்டுகளோ, சாய்வால் மேல்நோக்கித் தூக்கிக்கொண்டு, தாழப் பறந்து வரும் விமானத்துக்கு இறங்கவே இல்லை. பம்புகள் நின்றதால் தண்ணீரை இறைக்க முடியாது. ஸ்டீயரிங் கேட்கவில்லை. தொலைபேசி செத்ததால் எந்த அறையில் எவ்வளவு தண்ணீர் என்ற செய்தி ஆள் ஓடித்தான் வர வேண்டும், அதுவும் காற்றோட்டமின்றிக் கொதிக்கும் தளங்கள் வழியாக. ஒரே அடியில் ஒரு பெரும் போர்க்கப்பல், கண்ணும் கையும் காலும் போய், மிதக்கும் இரும்புத் தீவாக ஆயிற்று. மணி இன்னும் 12 ஆகவில்லை.

ரிபல்ஸ் அதற்கு நேர்மாறு. டெனன்ட் டார்பிடோ வரும் திசைக்கே மூக்கைத் திருப்பி, அவற்றின் தடங்களுக்கு இணையாகக் கப்பலை ஓட்டினார். பக்கவாட்டைக் காட்டாத கப்பல் மிகச் சிறிய இலக்கு. 26,000 டன்னுக்கு மேற்பட்ட ஒரு கிழட்டுக் கப்பலை 25 நாட் (மணிக்கு 25 கடல் மைல்) வேகத்தில் அப்படி நெளித்து, ஏறக்குறைய 19 டார்பிடோக்களைத் தவிர்த்தார். 12.20 வாக்கில் கனோயா குழுவின் 26 விமானங்கள் மேக இடைவெளி வழியே வந்தன. அவை இரு பக்கமும் ஒரே நேரத்தில் அடித்தன. ஒரு பக்க டார்பிடோவுக்கு மூக்கைக் காட்டினால் மறுபக்கத்துக்கு விலா தெரியும். இந்த இடுக்கியிலிருந்து தப்பும் வழி கிடையாது. அடுத்தடுத்து நான்கைந்து அடி. 12.33க்கு ரிபல்ஸ் போயிற்று.

அதே அலையில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸுக்கு வலப்புறம் மூன்று அடி. திரும்பவே முடியாத கப்பலைத் தவறவிடுவதுதான் கடினம். வலப்புறமும் தண்ணீர் புகுந்ததால் சாய்வு குறைந்து கப்பல் நிமிர்ந்தது. ஆனால் இன்னும் ஆழமாக உட்கார்ந்தது. 12.44க்கு ஒரு 500 கிலோ குண்டு, காயம்பட்டவர்களைச் சேர்த்து வைத்திருந்த தளத்தில் வெடித்தது. எக்ஸ்பிரஸ் ஒட்டி வந்து நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டது. கவிழும் கப்பலின் அடித் துடுப்பு தன் அடியில் உரசும் வரை விலகவில்லை. 1.18க்கு எல்லாம் முடிந்தது.

பிரின்ஸ் ஆஃப் வேல்ஸில் இருந்த 1,612 பேரில் 327 பேரும், ரிபல்ஸில் இருந்த 1,309 பேரில் 513 பேரும் இறந்தார்கள். பிலிப்ஸும், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் கேப்டன் லீச்சும் கப்பலோடு போனார்கள். டெனன்ட் பிழைத்தார். நாசகாரிகள் ஆட்களை மீட்பதை ஜப்பானிய விமானங்கள் தொந்தரவு செய்யவில்லை. தாக்குதலில் ஜப்பானியர் இழந்தது வெறும் மூன்று விமானங்கள். 67 நாள் கழித்துச் சிங்கப்பூர் விழுந்தது.

1942இல் பிரிட்டனின் பக்னில் விசாரணைக் குழு விசாரித்தபோது கப்பல் கடலடியில் இருந்தது. உயிர்தப்பியவர்களின் சொல்லை வைத்தே எழுத வேண்டியிருந்தது. முதல் தாக்குதலில் இடப்புறம் இரண்டு டார்பிடோக்கள் பட்டதாக அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். ஒரே அடி இவ்வளவு செய்யும் என்று நம்ப முடியாததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ஷாஃப்ட்டின் பாடத்தைக் கப்பல் கட்டுபவர்கள் விடவில்லை. பிரிட்டன் கடைசியாகக் கட்டிய ‘வேன்கார்ட்’ போர்க்கப்பலில் உள், வெளி ஷாஃப்ட்டுகளுக்கு இடையே இருந்த தூரத்தை 10.2 மீட்டரிலிருந்து 15.7 மீட்டராக அகற்றினார்கள், ஒரே டார்பிடோ இரண்டையும் சேர்த்து முடக்காதபடி.

2007இல் ஆழ்கடல் மூழ்காளர்கள் 68 மீட்டர் ஆழத்தில் தலைகீழாகக் கிடக்கும் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸை முறையாக அளந்து படமெடுத்த பிறகே, இடப்புற வெளி ஷாஃப்ட்டில் பட்ட ஒரே அடிதான் தொடக்கம் என்பது உறுதியானது. நல்ல வேளை, அப்போதே அளந்தார்கள். அதன் பிறகு பழைய இரும்புக்காரர்கள் வெடிவைத்தும் கொக்கி போட்டும் இரண்டு கப்பல்களையும் பிய்த்து வருகிறார்கள். போருக்கு முந்தைய எஃகும் வெண்கலமும் நல்ல விலைக்குப் போகும். 2023 மே மாதம் மலேசிய அதிகாரிகள் ‘சுவான் ஹாங் 68’ என்ற சீனத் தூர்வாரும் கப்பலைப் பிடித்தபோது, அதன் தளத்தில் துருப்பிடித்த பீரங்கிக் குண்டுகள் கிடந்தன.